கம்பெனிக்குப் போக கியர் சைக்கிள் தேவையா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) டெய்லராக இருக்கிறேன். வீட்டிலிருந்து கம்பெனி ஆறு கிலோமீட்டர். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை, சைக்கிளுக்கு மாறலாம் என்று பார்க்கிறேன். கடையில் கியர், டிஸ்க் பிரேக், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிளை 14,000 ரூபாய் என்கிறார்கள். சாதா சைக்கிள் பாதி விலைதான். எதை வாங்குவது?

பதில்: சாதா சைக்கிளையே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல பூட்டும் பின் விளக்கும் வாங்கிக்கொண்டு மீதியை வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

அந்த 14,000 ரூபாய் சைக்கிளைத் திரும்பப் போய்ப் பாருங்கள். அந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் மட்கார்டு, கேரியர், செயின் கவர் எதுவும் இருக்காது. எல்லாம் தனிக் காசு. மழை பெய்த மறுநாள் மட்கார்டு இல்லாமல் போனால் முதுகில் ஒரு சேற்றுக்கோட்டோடுதான் மெஷினில் உட்காருவீர்கள். டிபன் பாக்ஸை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. பின்பக்க ஷாக் அப்சார்பர் வேறு, நீங்கள் மிதிக்கிற மிதியில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும், எடையையும் கூட்டும்.

கியர் இல்லாமல் மேம்பாலம் ஏறுவது எப்படி? சாதா சைக்கிளில் செயின் ஓடும் பல்சக்கரத்துக்குப் பொதுவாக முன்னால் 44 பல், பின்னால் 18 பல். 28 இன்ச் சக்கரம் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் ஐந்தரை மீட்டர் போகும். சமதரையில் சுகமாக இருக்கும், மேட்டில் மூச்சு வாங்கும். பின்னால் பல் கூடினால் மிதி லேசாகும், அதனால் வாங்கும்போதே 20 அல்லது 22 பல் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம்) போட்டுத் தரச் சொல்லுங்கள். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டி வரலாம், அவ்வளவுதான். வேகம் சற்றுக் குறையும், ஆனால் ஆறு கிலோமீட்டரை அரை மணிக்குள் போய்விடலாம்.

இன்னொன்று. சாதா சைக்கிளைத் தெருமுனை பஞ்சர் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். கியர் வளைந்தால் அதற்கென்று ஆளைத் தேட வேண்டும், அதில் ஒரு ஷிப்ட் போய்விடும்.

சீட்டைத் தாழ்வாக வைத்துத் தராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் வலி என்று சைக்கிளைக் கைவிடுகிறவர்களில் பலருக்குச் சீட்டு உயரம்தான் கோளாறு. ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்குக் கிளம்புகிறவர் என்றால் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் ரோட்டில் இறங்காதீர்கள். அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பில்லில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் (தைத்ததைச் சரிபார்க்கும்) வேலைக்குப் போகிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், ஆனால் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே அரை மணி நேரம் போகிறது. மகளுக்குப் பிளஸ் ஒன்னில் கொடுத்த இலவச சைக்கிள் இரண்டு வருடமாகச் சும்மா நிற்கிறது. அதையே ஓட்டலாமா?

பதில்: தாராளமாக ஓட்டலாம். கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் "ஓவராயில்" பண்ணச் சொல்லுங்கள்: எல்லா பேரிங்கையும் பிரித்துக் கழுவி கிரீஸ் வைப்பார்கள். டயரின் பக்கவாட்டில் வெடிப்போ நூலோ தெரிந்தால் டயரை மாற்றத்தான் வேண்டும். பிரேக் கட்டை கல் மாதிரி இறுகியிருக்கும், அதையும் மாற்றுங்கள்.

காற்று நிற்கவில்லை என்றால் உடனே டியூப் போச்சு என்பார்கள். வால்வைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஊசி மாதிரி இருப்பதன் மேல் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று மாட்டியிருக்கும். நின்ற வண்டியில் முதலில் காய்ந்து விரிவது அதுதான். அதை மாற்றிப் பார்த்துவிட்டு டியூபுக்குப் போங்கள். புடவை, துப்பட்டா சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு வலை போட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சைக்கிளின் ரிம் வளைந்து வந்தது. "நீங்கள் பொருத்தும்போது வளைத்திருப்பீர்கள்" என்கிறார்கள்.

பதில்: பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டாலும் போட்டோ, பில், அவர்களுக்கு அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, உங்கள் ஊரிலேயே தொடுக்கலாம்.

கேள்வி: முப்பது பேர் வேலை செய்யும் யூனிட் நடத்துகிறேன். தீபாவளிக்கு எல்லோருக்கும் சைக்கிள் வாங்கித் தரலாமா?

பதில்: நல்ல மனசு. ஆனால் சைக்கிளுக்கு முன்னால் ஷெட் போடுங்கள். உங்கள் வாசலையே பாருங்கள்: பைக்குகள் நிழலில் நிற்கும், இருக்கிற இரண்டு மூன்று சைக்கிள்கள் காம்பவுண்டு சுவரில் சாய்ந்து வெயிலில் காயும். மேலே தகரம், பூட்டுவதற்கு ஒரு இரும்புக் குழாய், காற்றடிக்க ஒரு பம்பு. செலவு அதிகமில்லை.

அப்புறம் யாருக்கு வேண்டும் என்று கேட்டு, அவரவர் உயரத்துக்கு வாங்குங்கள். கேட்காமல் கொடுத்தால் பொங்கலுக்குள் பாதி கைமாறிவிடும். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு எலெக்ட்ரிக் சைக்கிள் பார்க்கிறீர்கள் என்றால், மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருக்கட்டும். அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். பதிவும் லைசென்சும் வேண்டும், கடைக்காரர் என்ன சொன்னாலும். மொத்தமாக எடுக்கும்போது ஒரு மாதம் கழித்து இலவச சர்வீஸ் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். புது சைக்கிளில் ஸ்போக்ஸும் பிரேக் கேபிளும் தளர்வது அந்த முதல் மாதத்தில்தான்.