வில்லியம் யான்சி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: வக்கீலாக இருந்தவர் எப்படிப் பிரிவினைக்காரர் ஆனார்?

பதில்: அடிமை முறை இருந்த தென் மாநிலங்கள் அமெரிக்காவை விட்டுப் பிரிய வேண்டும் என்று முழங்கிய அலபாமா அரசியல்வாதி யான்சி, ஆரம்பத்தில் நேர் எதிர்ப்பக்கம் நின்றவர். தென் கரோலினாவின் கிரீன்வில்லில், அமெரிக்க ஒன்றியத்தை விட்டு மாநிலங்கள் போகவே கூடாது என்று வாதாடிய பெஞ்சமின் பெரியிடம் சட்டம் படித்தார். அங்கேயே ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராகி, மத்திய அரசின் வரிச் சட்டம் எங்கள் மாநிலத்தில் செல்லாது என்றவர்களை எதிர்த்து எழுதினார். 1835இல் அடிமைகளை வைத்திருந்த வசதியான குடும்பத்தில் கல்யாணம், அப்புறம் அலபாமாவில் பருத்தித் தோட்டம். என் கணிப்பில் ஆளை மாற்றியது இந்தச் சொத்துதான், கொள்கையெல்லாம் அதன் பின்னால் வந்தது.

கேள்வி: கொலை வழக்கில் சிறை போனவரா?

பதில்: ஆமாம். 1838இல் ஒரு தகராறில் மனைவியின் நெருங்கிய உறவினரைச் சுட்டுக் கொன்றார். திட்டமிட்ட கொலை அல்ல என்று முடிவானதால் ஓராண்டுச் சிறையும் 1,500 டாலர் அபராதமும்தான். சில மாதங்களிலேயே ஆளுநர் விடுவித்துவிட்டார்.

கேள்வி: ஜனநாயகக் கட்சியை இவர் உடைத்திருக்காவிட்டால் லிங்கன் தோற்றிருப்பாரா சார்?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், கணக்கு ஒத்துவராது. 1860 ஏப்ரலில் சார்ல்ஸ்டன் மாநாட்டில், மேற்குப் பிரதேசங்களில் அடிமை முறைக்கு மத்திய அரசே பாதுகாப்பு தர வேண்டும் என்ற கோரிக்கை தோற்றதும் யான்சி தலைமையில் அலபாமாக்காரர்கள் வெளிநடப்பு செய்தார்கள், மற்ற தென் மாநிலத்தவர் பலரும் பின்தொடர, கட்சி இரண்டு வேட்பாளர்களை நிறுத்தியது. அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் லிங்கனுக்கு நாடு முழுக்க 40 சதவீத ஓட்டுகூட வரவில்லை. ஆனால் அங்கே வெற்றி மாநிலவாரியாகத்தான் முடிவாகும்; வடக்கின் பெரும்பாலான மாநிலங்களில் அவர் பாதிக்கு மேல் வாங்கியிருந்தார், எதிர் ஓட்டுகள் எல்லாம் ஒரே ஆளுக்கு விழுந்திருந்தாலும் அவர்தான் ஜெயித்திருப்பார். உடைப்பால் நடந்தது வேறு: வடக்கையும் தெற்கையும் ஒரே மேடையில் உட்கார வைத்திருந்த கடைசிப் பெரிய கட்சி போய்விட்டது. தெற்கே பிரிவினையைத் தடுத்துப் பேச ஆள் குறைந்தார்கள், 1861 ஜனவரி 11 அன்று அலபாமா பிரிந்தது.

கேள்வி: அவர் போராடியது மாநில உரிமைக்காகத்தானே?

பதில்: இல்லை. மாநில உரிமை என்றால் மத்திய அரசு தலையிடக் கூடாது என்பது; அடிமை முறையை அதே மத்திய அரசு வந்து காக்க வேண்டும் என்று கேட்டவர் அவர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்யத் தடை விதித்த சட்டங்களை நீக்கவும் 1858இல் வாதாடினார். தயவுசெய்து இதை மழுப்பாதீர்கள்.

கேள்வி: லண்டனுக்கு ஏன் அனுப்பினார்கள்?

பதில்: பிரிந்த தென் மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்குத் தனி நாடு என்ற பிரிட்டனின் அங்கீகாரம் வாங்க. பருத்திக்காக இங்கிலாந்து இறங்கி வரும் என்று நம்பினார்கள். அடிமை முறையை வெறுத்த நாட்டுக்கு அதன் உரத்த ஆதரவாளரையே அனுப்பியது மோசமான தேர்வு. வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸல் அதிகாரப்பூர்வமற்ற முறையில் சந்தித்தார், அவ்வளவுதான். பிரிட்டன் நடுநிலை அறிவித்தது. 1862இல் வெறுங்கையோடு திரும்பி, கூட்டமைப்பின் செனட்டில் உட்கார்ந்து, 1863 ஜூலையில் 48 வயதில் இறந்தார்.