ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இயக்கத்தின் வகைகளை எப்படிப் புரியவைப்பது?

நேர்கோட்டு இயக்கம், வளைவுப்பாதை, வட்ட இயக்கம், தற்சுழற்சி, அலைவு, ஒழுங்கற்ற இயக்கம் என்று ஆறையும் மகன் ஒப்பிக்கிறான், ஆனால் ஒரு பொருளைக் காட்டிக் கேட்டால் முழிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பரீட்சை நெருங்கியிருக்கும், ராத்திரி புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள். போன வருஷம் என் வீட்டிலும் இதுதான் நடந்தது.

நான் பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிறேன். காத்தாடி என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். படிப்பு ஐடிஐ ஃபிட்டர். இயற்பியல் படித்தவர்கள் தப்பு இருந்தால் திருத்துங்கள், கேட்டுக்கொள்கிறேன். ‘உனக்கு எதுக்கு இதெல்லாம்’ என்று மட்டும் யாரும் வராதீர்கள். அதை ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார்.

என் மகளுக்குக் குழப்பம் வட்ட இயக்கத்திலும் தற்சுழற்சியிலும்தான். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றினால் வட்டம், பம்பரம் சுற்றினால் தற்சுழற்சி. “அப்போ நம்ம காத்தாடி?” என்றாள். டேபிள் ஃபேனின் கூண்டைக் கழற்றினேன். அவள் அம்மாவின் ஒட்டுப்பொட்டு இரண்டை எடுத்து, ஒன்றை இறக்கை நுனியிலும் இன்னொன்றை நட்டநடுவிலும் ஒட்டினேன். “ஏட்டி, ரெக்கையப் பாக்காத, பொட்டை மட்டும் பாரு” என்று கையால் மெதுவாகச் சுற்றினேன். நுனிப்பொட்டு பெரிய வட்டம் போட்டு வந்தது. நடுப்பொட்டு இருந்த இடத்திலேயே திரும்பியது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு “ரெண்டும்தாம்ப்பா” என்றாள்.

ஆமாம், ரெண்டும்தான். இறக்கைகளை மொத்தமாக ஒரே பொருளாகப் பார்த்தால் தற்சுழற்சி. அதில் ஒரு புள்ளியை மட்டும் பார்த்தால் வட்ட இயக்கம். அதே ஃபேன் தலையை இடமும் வலமும் திருப்புகிறதே, அது அலைவு.

நான் வேலை பழகிய பழைய 225 கிலோவாட் காத்தாடியில் இறக்கை போடும் வட்டத்தின் விட்டம் 27 மீட்டர். நல்ல காற்றில் நிமிடத்துக்கு 43 சுற்று. நுனியும் சரி, நடுவை ஒட்டிய புள்ளியும் சரி, ஒரு சுற்றை முடிக்கச் சுமார் 1.4 வினாடிதான். ஆனால் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, பாதி தூரத்தில் இருக்கும் புள்ளிக்கு அதில் பாதி வேகம். பிரேக் போட்டு இறக்கையை நிறுத்திவிட்டு மேலே ஏறினாலும் ஆடிக் காற்றில் டவர் மெல்ல ஆடும். கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. மேலே வைத்த பாட்டிலில் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கும். அலைவு என்றால் என்னவென்று எனக்கு உடம்பிலேயே தெரியும்.

தேர்வில் காத்தாடி இறக்கையே கேள்வியாக வந்தது. மகள் இரண்டையும் எழுதி, ஏன் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. விடைக்குறிப்பில் தற்சுழற்சி மட்டும்தானாம். ஒரு மதிப்பெண்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. அரைநாள் லீவு போட்டுப் போய்க் கேட்டேன். “நீங்க என்ன சார் படிச்சிருக்கீங்க?” என்றார் டீச்சர். மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

டீச்சர்களை மட்டம்தட்ட இதை எழுதவில்லை. எனக்கு இந்த வேலையில் ஆசை வந்ததே ஒன்பதாம் வகுப்பு அறிவியல் சாரால்தான். ஆனாலும் பிள்ளை எழுதிய காரணத்தை ஒருமுறை வாசித்திருக்கலாம்.

திரும்பும்போது, ஊருக்குள் போகும் என்று சொல்லி ஏற்றிய நாகர்கோவில் பஸ் எங்களை பைபாஸில் இறக்கிவிட்டுப் போனது.

வெயிலில் நடந்து வரும்போதுதான் மகள் வாய் திறந்தாள். “நான் எழுதினது தப்பாப்பா?” “இல்ல தாயி” என்றேன்.

நீங்களும் டேபிள் ஃபேனில் பொட்டு வைத்துக் காட்டுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்புறம் கூண்டைக் கழற்றுங்கள். தேர்வில் மட்டும், புத்தகத்தில் உள்ள பதிலை முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். அவன் கண்ணால் பார்த்ததை அதற்குக் கீழே எழுதட்டும்.