நோன்பு நாளில் வலி மாத்திரை: கேள்வி பதில்

நோன்பு, விரதம், உபவாசம் இருக்கும்போது கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரைகளை எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருந்தாளுநர், டாக்டரும் இல்லை, ஆலிமும் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) இல்லை, சாஸ்திரிகளும் இல்லை. மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்பதைச் சொல்வேன். நோன்பு முறியுமா என்ற இடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தீர்ப்பை உங்கள் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, முதுகுவலிக்கு பாரசிட்டமால் 500 ரெண்டு ரெண்டா மூணு வேளை போடச் சொல்லியிருக்காங்க. ரமலான்ல பகல் வேளை போட முடியாது. அதனால நோன்பு திறந்ததும் நாலு, விடியுறதுக்கு முன்னாடி சாப்பிடுற சஹருக்கு ரெண்டுன்னு போட்டுக்கலாமா?

கூடாது. விட்ட வேளையைச் சேர்த்துப் போடும் இந்தக் கணக்குதான் நோன்பு மாதத்தில் எனக்குப் பெரிய கவலை. பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. அடுத்த தடவைக்குக் குறைந்தது 4 மணி நேரம் ஆக வேண்டும். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டவே கூடாது.

போட்ட மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாமல் வெளியேற்றிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் நச்சாக மாறும். அதை அடக்குவது கல்லீரலில் இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள். நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் அதன் கையிருப்பு இறங்கும். அந்த நேரம் பார்த்து ஒரே மூச்சில் 2 கிராமை உள்ளே தள்ளுவது சரியல்ல.

உங்கள் மூன்று வேளையையும் இரவுக்குள் அடக்க முடியும். மாலை 6:30-க்கு நோன்பு திறக்கிறீர்கள், சஹர் 4:30-க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 6:30-க்கு இரண்டு, 11:30-க்கு இரண்டு, 4:30-க்குச் சற்று முன் இரண்டு. மொத்தம் 3 கிராம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இரவு குறுகிய ஊரில் இருந்தால் இரண்டு வேளையோடு நிறுத்துங்கள். உடல் எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தாலோ இந்த அளவே அதிகம், டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், சளி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பொடி எழுத்தில் நாலைந்து மருந்து இருக்கும். பெரும்பாலும் அதில் ஒன்று பாரசிட்டமால். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தெரியாமல் அதிகம் போட்டுவிட்டால், “ஒண்ணும் பண்ணலையே” என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாமலே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம்.

எனக்கு 58 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், அதில் நீர் பிரியும் மருந்தும் உண்டு. முழங்கால் வலிக்கு சஹரில் ஐபுபுரூஃபென் போட்டுக்கொண்டு நோன்பு வைக்கலாமா?

நீங்களாகப் போடாதீர்கள். சாப்பாட்டோடு போட்டால் வயிறு ஓரளவு தப்பலாம், சிறுநீரகம் தப்பாது. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் குழாய்களைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எல்லாமே அதன் உற்பத்தியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை, நீர் பிரியும் மாத்திரை ஒரு பக்கம், இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் என்ன செய்யும்? பிரஷர் மருந்தில் சிலவகை, சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் இன்னொரு வழியையும் தளர்த்திவிடும். இந்த மூன்று மருந்தும் சேர்வது நன்றாகத் தெரிந்த ஆபத்து.

பாரசிட்டமாலை மேலே சொன்ன மாதிரி போடுங்கள். முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். தோல் வழியாக ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதென்றால் அதையும் கேட்டுவிட்டே தடவுங்கள். ஜெல் நோன்பை முறிக்குமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள்: 1997-ல் ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) அகாடமி எடுத்த முடிவில், தோலில் பூசும் களிம்பும் ஒட்டும் பட்டையும், சத்து ஏற்றாத ஊசியும் நோன்பை முறிக்காதவற்றின் பட்டியலில் இருக்கின்றன.

வலி தாங்க முடியாத நாளில் நோன்பை விட்டுப் பின்னால் வைத்துக்கொள்ள நோயாளிக்குக் குர்ஆனிலேயே (2:185) வழி இருக்கிறது. அந்த வழியை எடுத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

நிர்ஜல ஏகாதசி அன்று ஒற்றைத் தலைவலி வந்துவிட்டது. தண்ணீர் படாமல் மாத்திரையை மட்டும் எச்சிலோடு விழுங்கினேன். நெஞ்சுக்குள் இன்னும் எரிகிறது. விரதமும் கெடவில்லை, ஆனால் இது என்ன?

மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே கரைந்து புண்ணாக்கியிருக்கலாம். வலி மாத்திரைகள் இதில் பேர்போனவை. எரிச்சல் தொடர்ந்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ இன்றே டாக்டரைப் பாருங்கள். இனிமேல் ஒரு தம்ளர் தண்ணீரோடு போடுங்கள், போட்டதும் படுக்காதீர்கள். இல்லையென்றால் போடவே போடாதீர்கள். மகாபாரதம் உத்யோக பர்வத்தில் விதுரர் விரதத்தைக் கெடுக்காத எட்டைச் சொல்கிறார்: தண்ணீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ் (வேள்வியில் படைக்கும் உணவு), பிராமணரின் விருப்பம், குருவின் வாக்கு, மருந்து. தண்ணீரும் மருந்தும் இரண்டுமே அதில் இருப்பதைக் கவனியுங்கள்.

விரதம் தொடங்கும் முதல் நாள் மதியமானால் மண்டை பிளக்கிறது. ரெண்டாம் நாளும் இருக்கும். பிறகு தானாகப் போய்விடும். ஏன்?

காபி, டீ எத்தனை தடவை குடிப்பீர்கள்? கடைசியாகக் குடித்து 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கினால் அது கஃபீன் நின்ற தலைவலி. பத்து நாள் முன்பிருந்தே ஒவ்வொரு தம்ளராகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். மாத்திரை தேவைப்படாமலே போகலாம்.

நான் பிற்காலப் பரிசுத்தவான்கள் (மார்மன்) சபை. காபி, டீ தொடுவதில்லை. தலைவலி மாத்திரையில் கஃபீன் இருப்பதைப் பார்த்தேன். தவறா?

எதை உண்ணலாம், குடிக்கலாம் என்று சொல்லும் உங்கள் சபையின் ‘ஞான வார்த்தை’ 1833-ல் வந்தது. அதில் ‘சூடான பானங்கள்’ என்று இருப்பதைத்தான் காபி, டீ என்று பொருள் கொள்கிறார்கள். கஃபீன் என்ற பொருளின் பெயர் அதில் இல்லை. மனசாட்சி உறுத்தினால் கஃபீன் இல்லாத வெறும் பாரசிட்டமால் இருக்கிறதே, அதை வாங்குங்கள். சிலவகை மாத்திரையில் ஒன்றுக்கு 65 மில்லிகிராம் கஃபீன் இருக்கும், இரண்டு போட்டால் 130. பழக்கமில்லாத உடம்புக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். என்னைக் கேட்டால் அதுவே வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம்.

கேப்சூல் கூட்டில் பன்றிக் கொழுப்பு என்கிறார்களே?

கொழுப்பு இல்லை, ஜெலட்டின். பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவர்களுக்கும் இதே சங்கடம்தான். ஹைப்ரோமெல்லோஸ் என்று போட்டிருந்தால் கூடு தாவரப் பொருளில் செய்தது. பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் கூடே இல்லாத சாதாரண மாத்திரையாகக் கிடைக்கும். கேப்சூலைப் பிரித்துப் பொடியை மட்டும் விழுங்கும் வித்தை வேண்டாம். மெதுவாகக் கரைய வேண்டிய மருந்தாக இருந்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

நற்கருணை வாங்குவதற்கு முன் மாத்திரை போடலாமா?

தாராளமாக. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 919-ஆம் விதியில், ஒரு மணி நேர உபவாசத்திலிருந்து தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. “வெறும் வயிற்றில் வலி மாத்திரை ஆகாது” என்று ஆஸ்பிரின் 75-ஐ விரத நாட்களில் நிறுத்திவிடுகிறார்.

அந்த அளவில் அது வலி மாத்திரை இல்லை, ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாமா என்று இதய டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். கேட்கும் வரை வழக்கம்போல் போடச் சொல்லுங்கள். கூடவே வலிக்கு ஐபுபுரூஃபெனைத் தானாகச் சேர்த்துக்கொள்ளவும் விடாதீர்கள். ஆஸ்பிரினின் வேலையை அது கெடுக்கும்.

பையனுக்குப் பதினோரு வயது. ஆசைப்பட்டு நோன்பு வைத்தான், சாயங்காலம் காய்ச்சல். வீட்டில் ஆஸ்பிரின்தான் இருக்கிறது, அரை மாத்திரை தரலாமா?

ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். 16 வயதுக்குக் கீழே ரேய் நோய் என்று மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அபாயம் உண்டு. முதலில் தண்ணீர் கொடுங்கள். பிறகு பாரசிட்டமால், ஒரு தடவைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை: 30 கிலோ என்றால் 450-ஐத் தாண்டாமல். பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லை, எனவே நாளைக்கு எழுப்ப வேண்டாம். கழுத்து விறைத்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, உடம்பில் புள்ளி தெரிந்தாலோ விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.