டிஃபன் பாக்ஸோடு கடற்கரை ஸ்டேஷன் வரை

கேள்வி: எனக்கு 41 வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் 11 வருடம் இருந்தேன். கடைசியில், தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் இன்சார்ஜ். எங்கள் லைனையே மூடிவிட்டார்கள். நான்கு மாதமாக வேலை இல்லை. மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு அம்மா கட்டித் தரும் டிஃபன் பாக்ஸோடு கிளம்பி, மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி, தாம்பரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி தூக்கம் இல்லாமல் போனில் வேலை தேடுகிறேன். பையன் மேல் எரிந்து விழுகிறேன். எல்லோரும் ‘பாசிட்டிவா இரு’ என்கிறார்கள். எப்படி இருப்பது?
– பெயர் வேண்டாம், தாம்பரம்.

பதில்: ‘பாசிட்டிவா இரு’ என்பது ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறவர்களின் அறிவுரை. அதை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது சோகம் அல்ல, அந்த ரயில் பயணம். வேலை தேடுகிற வேலையைத் தூக்கம் இல்லாத ராத்திரிக்குத் தள்ளிவிட்டு, பகல் முழுவதையும் ஒளிவதற்குச் செலவழிக்கிறீர்கள்.

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு ஊர். 1930 வாக்கில் அங்கிருந்த பஞ்சாலை மூடியதும் ஊரே வேலை இழந்தது. மரீ யஹோதா என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் போய்ப் பார்த்தார்கள். நேரம் கொட்டிக் கிடக்கிறதே, ஜனங்கள் நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்டும், புத்தகம் வாங்கிப் போவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ‘இன்று என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் ஆண்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்கள் நின்று நின்று போனார்கள், பெண்கள் வேகமாகப் போனார்கள். பெண்களில் பலரும் அதே ஆலையில் வேலை இழந்தவர்கள்தான். ஆனால் அடுப்பும் துணியும் குழந்தையும் அவர்களை விடவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பல வருடங்களுக்கு முன் நான் இருந்த பத்திரிகை நின்றுபோனபோது, ஐந்து மாதம் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குக்கரை ஒருநாள்கூட நான் வைத்ததில்லை.

அதனால் முதல் காரியம், வீட்டில் ஒரு வேலையை முழுசாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். ‘உதவி’ என்று அல்ல. பையனின் காலை நேரம் முழுக்க உங்களுடையது என்று வையுங்களேன்: எழுப்புவது, சாப்பாடு, பள்ளியில் விடுவது. அவன் மேல் எரிந்து விழுவதும் அதில் குறையும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், எழுதுங்கள். 1994-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு உண்டு. திடீரென்று வேலை போன இன்ஜினியர்களில் சிலரை, ஐந்து நாள், தினம் 20 நிமிடம், அந்த வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் போட்டதாகவும் தெரியவில்லை. கோபத்தைத் தாளில் இறக்கிவிட்டு இன்டர்வியூவுக்குப் போயிருப்பார்கள் என்பது என் ஊகம். நீங்களும் திட்டித் தீருங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம்.

அது முடிந்ததும் வேறொரு நோட்டு போடுங்கள். 11 வருடத்தில் எந்த டை (தகட்டை வடிவமாக்கும் அச்சு) உடைந்தபோது என்ன செய்தீர்கள், ரிஜெக்‌ஷன் ஏறியபோது காரணத்தை எப்படிப் பிடித்தீர்கள், கஸ்டமர் ஆடிட்டில் எதற்குப் பதில் சொன்னீர்கள், ஒவ்வொன்றாக. ‘கடின உழைப்பாளி’ என்று பயோடேட்டாவில் போடாதவர் யார்? இந்த நோட்டில் இருப்பது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ‘நான்கு மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள்’ என்று கேட்டால், ‘லைனை மூடினார்கள், எல்லோரோடும் நானும் வெளியே வந்தேன்’. அதோடு நிறுத்துங்கள்.

இதற்குப் பிளாட்பாரம் வேண்டாம். ரயிலேறித்தான் ஆக வேண்டுமென்றால் கிண்டியில் இறங்கிக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே இடம் உண்டு. போனில் தேடுவதையும் அங்கேயே, பகலில், இரண்டு மணி நேரம். ராத்திரி போனை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கிராஜுவிட்டி வந்துவிட்டதா? ஐந்து வருடம் தாண்டியவருக்கு அது உரிமை. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்து மாதம் 26,000 என்றால் உங்கள் 11 வருடத்துக்கு 1,65,000 ரூபாய். பி.எஃப்.பை அவசரப்பட்டு முழுசாக எடுத்து மூடாதீர்கள். அது தவிர, பத்து வருடம் தாண்டியதால் 58 வயதில் மாதப் பென்ஷனுக்குத் தகுதி வந்திருக்கிறது. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் வேலையோடு போயிருக்கும், அதற்கு ஒரு வழி பாருங்கள்.

தூக்கமின்மை தொடர்ந்தாலும் சரி, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் சரி, 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக அம்மா. இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அவர் அதிர்ந்துபோவார் என்று பயப்படுகிறீர்கள். பதினோரு வருடம் ஷிஃப்ட் மாறி மாறிப் போன பிள்ளை, நான்கு மாதமாக ஒரு நைட் ஷிஃப்ட்கூட இல்லாமல் தினமும் காலை எட்டு மணிக்கே கிளம்புகிறான் என்பதை, அந்த டிஃபனைக் கட்டித் தருகிறவர் கவனிக்காமலா இருந்திருப்பார்?