மக்காச்சோளம் வாங்குகிறீர்களா? கேள்வி - பதில்

கே: மூட்டையில் பச்சையாகப் பூத்திருந்தது. கழுவிக் காயவைத்தேன், வாடை போய்விட்டது. மாட்டுக்குப் போடலாமா?

போடாதீர்கள். போனது பூஞ்சணம். அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வேகவைத்தாலும் முழுக்க அழியாது. மாடு தின்றால் எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும்.

கே: விற்றவர் காட்டிய லேப் ரிப்போர்ட்டில் நச்சு இல்லை என்றிருந்தது. இப்போது கோழிகள் தீனி எடுக்காமல் சாகின்றன.

உங்கள் மேல் தப்பில்லை. முதலில் அந்தத் தீனியை நிறுத்துங்கள். மிச்சத்தைப் பிளாஸ்டிக்கில் கட்டாமல் காகிதப் பையில் போட்டு, காய்ந்த இடத்தில் வையுங்கள். செத்த கோழியைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து ஈரலைப் பார்க்கச் சொல்லுங்கள். சாவுக்கு வேறு நோயும் காரணமாக இருக்கலாம். அதுவும் தெரிந்தால்தான் விற்றவரிடம் வழக்குப் பேச முடியும். பில் பத்திரம்.

இந்த ரிப்போர்ட் விவகாரத்தில் எனக்கு வெகுநாள் கோபம். ரிப்போர்ட் பொய்யாக இருக்கவே வேண்டாம், மாதிரி எடுத்த விதம் கோணலாக இருந்தால் போதும். நச்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. நூற்றுக்கணக்கான மணிகள் சுத்தமாக இருக்க, நடுவில் ஒரே மணியில் ஏராளமாக இருக்கும். மேல்மூட்டையின் வாயில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி அனுப்பினால், ரிப்போர்ட் அந்தப் பிடிக்கு மட்டும்தான். பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று குத்தூசியால் எடுத்து, மொத்தத்தையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி பிரிக்க வேண்டும். எத்தனை மூட்டையில் குத்தினார்கள் என்று அடுத்த முறை கேளுங்கள். முகம் மாறுகிறதா பாருங்கள். சின்ன விஷயமில்லை இது: 2004இல் கென்யாவில் கெட்ட மக்காச்சோளம் தின்று 125 பேர் இறந்தார்கள்.

கே: மலிவான ஈரப்பத மீட்டர் வாங்கலாமா?

என்னிடம் ஒன்று இருக்கிறது. காய்ந்த மணிக்கும் நனைந்த மணிக்கும் ஒரே எண்தான் காட்டும். அதைவிட, காய்ந்த பாட்டிலில் மணியும் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல், வாங்காதீர்கள். சேமிக்க 13 சதவீதத்துக்குக் கீழே வேண்டும்.

கே: விலை ஏறட்டும் என்று கதிரை வயலிலேயே விட்டேன். நடுவில் மழை. வியாபாரி பூஞ்சணம் என்று விலையைக் குறைக்கிறார். இது அநியாயம்தானே?

இல்லை. முற்றிய கதிரை மழையில் நிற்கவிட்டது நீங்கள். பூக்கும் பருவத்தில் தண்ணீர் தட்டுப்பட்டாலும், புழு கதிரைத் துளைத்தாலும் பூஞ்சணம் வயலிலேயே ஏறிவிடும். அடுத்த போகத்தில் நேரத்துக்கு அறுங்கள், வெறும் மண்ணில் கொட்டாமல் தார்ப்பாயில் காயவையுங்கள். புழு தின்ற கதிர், உடைந்த மணி, நிறம் மாறிய மணி எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கே: ‘எல்லா நச்சையும் முறிக்கும்’ என்று தீவனத்தில் கலக்க ஒரு பொடி விற்கிறார்கள்.

களிமண் வகைப் பொடிகள் அஃப்ளாடாக்சினை ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஃபுமோனிசின் என்ற இன்னொரு பூஞ்சண நச்சிடம் அவ்வளவாகப் பலிக்காது. ‘எல்லா’ என்று அட்டையில் இருந்தால் வேண்டாம்.

கே: பாதி விலைக்குக் கிடைத்தது, பில் வாங்கவில்லை, மூட்டையைப் பிரித்தும் பார்க்கவில்லை. யார் மேல் புகார் கொடுப்பது?

தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.