புது டர்ஃப் ஷூ கடிக்கிறது: பழகிவிடுமா, திருப்பி அனுப்புவதா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். வயது 34. பள்ளியில் கால்பந்து ஆடியதோடு சரி. இப்போது மறுபடி நண்பர்களோடு சனிக்கிழமை இரவுகளில் வாடகை டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானத்தில்) ஆட ஆரம்பித்திருக்கிறேன். ஆன்லைனில் டர்ஃப் ஷூ வாங்கினேன். வீட்டில் போட்டு நடந்தால் சுண்டுவிரல் பக்கம் இறுக்குகிறது, குதிகாலும் லேசாகக் கடிக்கிறது. "புதுசு அப்படித்தான், நாலு மேட்ச் ஆடினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். திருப்பி அனுப்ப இன்னும் சில நாள் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலிலும் இதையே போட்டு ஆடலாமா?

பதில்: இரண்டு கடியும் ஒன்றல்ல. குதிகால் கடி பெரும்பாலும் அடங்கிவிடும். சுண்டுவிரல் இறுக்கம் அடங்காது. நண்பர்கள் சொல்வது பாதிதான் சரி.

புது ஷூவின் பின்பக்க விளிம்பு விறைப்பாக இருக்கும், போடப் போட இளகும். லேஸைத் தளர்வாகக் கட்டினாலும் குதிகால் ஏறி இறங்கி உரசும். ஷூவைப் போட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, மேல் துளை வரை லேஸை இழுத்துக் கட்டிப் பாருங்கள். அப்புறமும் குதிகால் கழன்று வந்தால் அந்த ஷூ உங்கள் காலுக்கு நீளம்.

அகலம் வேறு கதை. இன்று விற்கும் ஷூக்களில் பெரும்பாலானவை சிந்தெடிக். தோல் மாதிரி அது விரிந்து கொடுக்காது. அடியில் இருக்கும் சோலின் அகலமோ மாறவே மாறாது. உள்ளே இருக்கும் மெத்தையை (இன்சோல்) உருவித் தரையில் போட்டு, அதன் மேல் முழு எடையையும் கொடுத்து நில்லுங்கள். சுண்டுவிரல் மெத்தைக்கு வெளியே வழிந்தால் யோசிக்கவே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். சிறு வயதில் வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் திரிந்த கால் முன்பக்கம் நன்றாக விரிந்திருக்கும். ஒடுக்கமான மாடல்கள் அதற்கு ஒத்துவராது.

இங்கே பலர் செய்யும் காரியம், இறுக்குகிறது என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவது. அப்போது அகலம் சற்றுத் தேறும், ஆனால் ஓடி நிற்கும்போதெல்லாம் கால் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நகம் இடிபட்டுக் கறுத்துவிடும். சைஸைக் கூட்டாதீர்கள், அகலமான வேறு மாடலுக்கு மாறுங்கள். நீளத்துக்கு, விரல் நுனிக்கு முன்னால் அரை விரல் அகலம் இடம் இருந்தால் போதும். இரண்டு கம்பெனிகளின் 8-ஆம் நம்பர் ஒரே அளவாக இருக்காது; ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் சென்டிமீட்டர் கணக்கைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

போட்டுப் பார்ப்பதைச் சாயங்காலம் செய்யுங்கள், நாள் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஆட்டத்துக்குப் போடும் அதே தடிமனான சாக்ஸோடு, கூடத்தில் பாய் விரித்து அதன் மேல் நடங்கள், பக்கவாட்டில் வெட்டி நகருங்கள். சோலில் மண் ஒட்டினால் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

சோல் விஷயத்தில் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். டி.எஃப். (டர்ஃப்) என்று போட்டிருப்பதன் அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நிறைய இருக்கும். எஃப்.ஜி. என்பது இயற்கைப் புல்லுக்கானது, ஸ்டட் (அடியில் துருத்தி நிற்கும் முளை) நீளம். அதை டர்ஃபில் போட்டால் கிரிப் அமோகமாகத்தான் இருக்கும், ஆபத்தே அதில்தான். உடம்பு திரும்பும்போது பாதம் புல்லில் மாட்டிக்கொண்டு நின்றால், அந்த முறுக்கு முழுவதும் முழங்கால் தசைநாருக்குப் போகும். பல வருடம் கழித்து ஆட வருபவருக்கு இந்தச் சூதாட்டம் தேவையில்லை. செயற்கைப் புல்லுக்கென்றே ஏ.ஜி. என்று ஒரு வகை உண்டு: ஸ்டட் குட்டையாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். உங்கள் டர்ஃபில் புல்லை விரலால் விலக்கிப் பாருங்கள். புல் நீளமாக, அடியில் கறுப்பு ரப்பர் மணிகள் நிறைந்திருந்தால் ஏ.ஜி. நன்றாக ஒத்துப்போகும். புல் குட்டை, அடியில் மணல் என்றால் டி.எஃப். போதும். வாரம் ஒரு நாள் ஆட்டத்துக்கு எதிலும் டி.எஃப். சமாளிக்கும்.

வயலுக்கு வருவோம். சம்பா அறுத்து, உளுந்து பயறு விதைக்காமல் விட்ட வயலில் மண் காய்ந்து இறுகியிருந்தால் டி.எஃப். தாராளமாகப் போடலாம். ஆனால் அறுத்த தாள்க்கட்டை ஷூவின் மேல்துணியைக் குத்திக் கிழிக்கும். வெடிப்பில் கால் விட்டால் எந்த ஷூவும் காப்பாற்றாது. அதற்குப் பழைய ஷூ ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாக் களிமண் குமிழ்களுக்கு இடையே அப்பிக்கொண்டு அடிப்பாகம் வழவழவென்று ஆகிவிடும். அந்த ஈர மைதானத்துக்கு நீளமான ஸ்டட் உள்ள ஷூதான் சரி.

முதல் நாள் முழு மேட்ச் வேண்டாம். கால் மணி நேரம் மெதுவாக ஓடி, திரும்பி, நின்று, சில ஷாட் அடித்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். எங்காவது சிவந்திருந்தால் அங்கே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் மெத்தையை எடுத்து ரப்பர் மணிகளைத் தட்டிவிட்டு, பழைய செய்தித்தாளைத் திணித்து ஃபேன் காற்றில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் பசை இளகி முன்பக்கம் வாய் பிளந்துவிடும். மாற்றி வாங்கும் ஷூவில் முன்பக்கத் தையல் இல்லையென்றால் கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றிலும் தையல் போட்டுக்கொள்ளுங்கள். அளவு சரி என்று முடிவான பிறகு மட்டும். தையல் போட்ட ஷூவை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.