எழுதிக் கொடுத்தால் போதாதா, டிசைனரோடு வேறு உட்கார வேண்டுமா?

போதாது. கேள்வியைப் பார்த்தால் உங்கள் கையில் ஏதோ கோயில் மலரோ பள்ளி மலரோ இருக்கிறது, கட்டுரையை வாட்ஸப்பில் தட்டிவிட்டு நகரப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். எங்கள் ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு, பழைய ஆட்கள் ஒன்றுகூடலுக்கு ஒரு மலர் போட்டோம். எழுதியது நான். டிசைன் செய்தது எங்கள் லயத்துக்காரர் ஒருவரின் பேத்தி, ஈப்போவில் வேலை பார்க்கிற பெண். பால்மரம் வெட்டிப் பார்த்ததே இல்லை.

"பெரட்டுன்னா என்ன அங்கிள்?" என்றாள். விடியுமுன் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பேர் கூப்பிடுவார் என்றேன். "அப்போ பேரையெல்லாம் ஏன் கடைசிப் பக்கத்துல நன்றி மாதிரி போட்டிருக்கீங்க?"

நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து, செக்ரோல் என்கிற வருகைப் பதிவுப் புத்தகம்போல் கட்டம் போட்டு, பேர்களை வரிசையாக நிறுத்தினாள். இறந்தவர்களின் பேருக்கு எதிரே கட்டம் காலி. பெரட்டைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு பக்க வர்ணனையை நானே அடித்துவிட்டு, கீழே இரண்டு வரி மட்டும் எழுதினேன். ஒன்றுகூடலில் பாட்டிமார் பேர்களின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார்கள்.

முதல் பிரதியில் கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்று, பெரட்டு 'பரெட்டு' ஆகியிருந்தது. பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்கிற அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், தப்பு கண்ணில் படவில்லை.

இப்படிச் சேர்ந்து உட்காருவது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. நியூயார்க்கில் 1949இல் தொடங்கிய டாயில் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனம் எழுதுகிறவரையும் வடிவமைப்பவரையும் ஜோடியாகவே உட்கார வைத்தது. பக்கமெல்லாம் வெறுமையாக, துளியூண்டு கார் நிற்கிற 1959 வோக்ஸ்வேகன் விளம்பரம் அப்படி வந்ததுதான். எழுத்து ஜூலியன் கோனிக், வடிவமைப்பு ஹெல்முட் குரோன்.

எழுத்தாளன் சுதந்திரம் என்னாவது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். என் சிறுகதையில் யாரையும் கை வைக்க விடமாட்டேன் ஐயா, நான் சொல்வது மலருக்கு.

உண்மையில் எங்கள் வேலையைக் கெடுத்தது வாழ்த்துச் செய்திதான். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். அச்சுக்குப் போகிற நேரத்தில் ஒரு ஒய்.பி.யின், அதாவது மக்கள் பிரதிநிதியின், வாழ்த்து வந்தது, படம் பெரிதாக வேண்டுமாம். நான்கு பக்கம் கூட்டக் காசில்லை என்று ஏற்பாட்டுக் குழு எதைத் தூக்கியது தெரியுமா? அவள் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு வரைந்த தோட்ட வரைபடத்தை.

அப்புறம் மேடையில் எனக்குப் பொன்னாடை, அவளுக்கு ஒன்றுமில்லை. இறங்கி வந்து அதை அவளிடம் கொடுத்தேன்.

"இதை வச்சு என்ன பண்றது அங்கிள், பில்லை எப்போ கட்டுவாங்க?"

இன்னும் கட்டவில்லை.